பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

ஆரோவில் பக்கத்திலேயே இருப்பதால் வெளிநாட்டுக்காரர்கள் நம் இரும்பைக்குப் புதுசில்லை. அவர்கள் இங்கே வர பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். பாஸ்போர்ட்டை அவரவர் நாடு தரும். விசாவை, போகிற நாடு தரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம்ம ஊர் ஆட்கள் சிலருக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்!

என் சித்தப்பா கொத்தனார். குவைத் போக பாஸ்போர்ட் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருந்தது. “இது நம்ம கடற்கரை ரோடு பேராச்சே!” என்று சிரித்தார். விசாரித்தால் வேறு சங்கதி. பொதுவாகப் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இப்படிப் போடுவார்களாம். சித்தப்பா ஒன்பதாவதோடு நின்றவர்.

இவர்கள் குவைத், சவூதி, மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்க என்றால் தேவையில்லை. சம்பளம், வேலை ஒப்பந்தம் எல்லாம் சரியா என்று அங்கே பார்ப்பார்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும் காப்பீடும் கட்டாயம்.

ஒரு ஏஜென்ட், “டூரிஸ்ட் விசாவுல போ, அங்க வேலைய மாத்திக்கலாம்” என்றார். அப்படிப் போனால் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. சம்பளம் தராவிட்டால் யாரிடம் கேட்பது? சித்தப்பா அரை மனசாகத் தலையாட்டிவிட்டார். ஆயாதான் விடவில்லை. “லேட்டானாலும் ஒழுங்கா போடா!”

பத்தாவது தேறி, சான்றிதழோடு மறுபடி விண்ணப்பித்தால் அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். இப்போ என் கணக்குப் புத்தகம் ராத்திரியானா சித்தப்பா கையிலதான் இருக்கு.

— பத்தாம் வகுப்பு மாணவன்