ரயிலுக்கு வழி தேடினார்கள், படப் புதையல் கிடைத்தது!

அரசாங்க அறிக்கையைப் பக்கம் பக்கமாகக் கழற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டி அழகு பார்ப்பார்களா யாராவது? அமெரிக்காவில் மாட்டுகிறார்கள்! காசு கொடுத்துத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள்!

கதை 1853 மார்ச்சில் தொடங்குகிறது. மிசிசிப்பி ஆற்றிலிருந்து பசிபிக் கடல் வரை ரயில் விட வேண்டும். எந்த வழியாக? வடக்கத்திக்காரர்கள் வடக்கே இழுக்க, தெற்கத்திக்காரர்கள் தெற்கே இழுக்க, ‘போய் அளந்து பாருங்கள்’ என்று ராணுவத்திடம் 1,50,000 டாலரைக் கொடுத்துவிட்டது அமெரிக்கக் காங்கிரஸ். பொறுப்பேற்ற போர்த்துறைச் செயலர் யார் தெரியுமா? ஜெஃபர்சன் டேவிஸ். பின்னாளில் தென்மாநிலங்கள் பிரிந்துபோனபோது அவற்றுக்கு அதிபரானாரே, அவரேதான்!

புறப்பட்ட குழுக்களோடு ஓவியர்களும் போனார்கள். அப்போதே புகைப்படக் கலை வந்துவிட்டது. ஆனால் புகைப்படத்தை அப்படியே புத்தகத்தில் அச்சடிக்க வழியில்லை. எனவே பென்சிலும் தூரிகையும்தான்.

1855 முதல் 1860 வரை தொகுதி தொகுதியாக அறிக்கை வந்தது. எண்ணிக்கையில் 12. கடைசித் தொகுதி இரண்டு புத்தகம் என்பதால் அலமாரியில் 13! அச்சுச் செலவு மட்டும் 10 லட்சம் டாலரைத் தாண்டிற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அறிக்கையில் வந்த வண்ணக் காட்சிகள் கல்லில் பிறந்தவை. பவேரியாவின் சுண்ணாம்புக் கல்லை மழமழவென்று தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள மைக்கோலால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் மையை விரட்டும், கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் கல்லச்சு ரகசியம். (ரவிவர்மாவின் சாமி படங்களும் இந்த வம்சம்தான்.) கறுப்புக்கு ஒரு கல், மண் நிறத்துக்கு ஒரு கல், வானத்து நீலத்துக்கு இன்னொரு கல்!

இன்னொரு விந்தை. ஒரே காட்சிக்கு இரண்டு முகம்! செனட்டுக்கு ஒரு பதிப்பு, பிரதிநிதிகள் சபைக்கு ஒரு பதிப்பு. அச்சிட்டவர்களும் வெவ்வேறு. நியூயார்க்கில் ஜூலியஸ் பியன், பால்டிமோரில் ஹோன் என்று வேலை பிரிந்துபோனதால், ஒரே மலை இங்கே ஒரு சாயலில் இருக்கும், அங்கே வேறு சாயலில் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு இது பித்துப் பிடிக்கவைக்கும் விளையாட்டு. அவர்கள் முதலில் பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். கல்லின் மணல்மணலான சொரசொரப்பு தெரிந்தால் மனசு துள்ளும். பிறகு ஓரத்துச் சின்ன எழுத்துகளைப் படிப்பார்கள்: வரைந்தவர் யார், அச்சிட்டவர் யார்? நல்ல புத்தகத்தைக் கூறுபோட்டு ஒவ்வொரு தாளாக விற்கும் வியாபாரம் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தச் சின்ன எழுத்துகளில் ஒரு சோகமும் ஒளிந்திருக்கிறது. 38-ஆம் அட்சரேகை வழியே போன கேப்டன் கன்னிசனும் அவரோடு 7 பேரும் 1853 அக்டோபர் 26 அன்று யூட்டாவில் கொல்லப்பட்டார்கள். ஓவியர் ரிச்சர்ட் கெர்னும் அவர்களில் ஒருவர். அவருடைய கோட்டுச் சித்திரங்களை வைத்து இன்னொரு ஓவியரான ஜான் மிக்ஸ் ஸ்டான்லி மறுபடி வரைந்தார். அந்தத் தாள்களின் அடியில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கும்!

ஸ்டான்லிக்கும் நேர்ந்ததே ஒரு கொடுமை! பழங்குடி மக்களை அவர் தீட்டிய ஓவியங்கள் 150-க்கும் மேல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் தொங்கின. 1865 ஜனவரி 24, கடுங்குளிர். கூடத்தில் அடுப்பு வைத்தவர்கள் அதன் குழாயைப் புகைபோக்கியில் செருகாமல் சுவரின் இடுக்கில் செருகிவிட்டார்கள். நெருப்பில் தப்பியவை ஐந்தே ஐந்து! ஆனால் வடக்கு வழிக் குழுவோடு போய் அவர் வரைந்த காட்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவைதான் அறிக்கைக்குள் தாள்களாகப் பரவிவிட்டனவே!

அவற்றில் ஒன்று ஜெஸ்ஸி ஏரிப் பக்கம், இன்றைய வடக்கு டகோட்டா. தொடுவானம் வரை காட்டெருமைகள். எண்ணத் தொடங்கினால் கண் வலிக்கும். ரயில் வந்தது. தோலுக்காக வேட்டையாடியவர்களும் வந்தார்கள். 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹோர்னடே கணக்கெடுத்தபோது மொத்தம் எத்தனை மிஞ்சியிருந்தன தெரியுமா? 1,091!