கொல்லைப்புறச் சாமான் கொட்டகையும் அதனை அமைக்கும் வேலையாளும்

விதை நெல், உர மூட்டை, கைத்தெளிப்பான், மண்வெட்டி, கடப்பாரை, பம்புசெட்டின் உதிரிச் சாமான்கள் ஆகியவற்றை வைப்பதற்குத் தனியிடம் இல்லாமல், திண்ணையிலும் மாட்டுக் கொட்டிலின் மூலையிலும் போட்டு வைப்பது தமிழ்நாட்டுக் குடியானவர் பலரின் வழக்கமாக இருந்து வருகிறது. இதனால் உண்டாகும் நஷ்டம் சிறிது சிறிதாக நேருவதால் கணக்கில் ஏறுவதில்லை. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடுகிறது. விதையின் முளைப்புத் திறன் குன்றுகிறது. இரும்புக் கருவிகள் துருவேறுகின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கொடியதாக, பூச்சி மருந்து குழந்தைகளின் கைக்கு எட்டுகிறது. ஆகையால் கொல்லைப்புறத்தில் 12 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள சிறு கொட்டகையொன்று இருப்பது ஆடம்பரமன்று, அவசியமேயாகும்.

இக்காலத்தில் இத்தகைய கொட்டகைக்கு வேண்டிய இரும்புக் குழாய்களையும் தகடுகளையும் பட்டறையிலேயே அளவாக வெட்டி, துளையிட்டு, வரிசை எண் எழுதிக் கொண்டுவந்து, இருக்குமிடத்தில் மரை முடுக்கி நிறுத்திவிடுகிறார்கள். வேலை இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடுவதால், பெரிய மேஸ்திரியை நாடாமல், கொத்து வேலையும் இரும்பு வேலையும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க் கைவேலையாள் ஒருவரிடமே இதனை ஒப்படைப்பது வழக்கம். அது தவறன்று. ஆனால் எவரை அமர்த்துவது, எதனை முன்னதாகப் பேசிக்கொள்வது, வேலை நடக்கும்பொழுது எதனைப் பார்ப்பது என்பவற்றை அறியாமல் ஒப்படைப்பதுதான் தவறாக முடிகிறது.

காற்றின் வலிமை

தகரக் கொட்டகை கீழ்நோக்கி இடிந்து விழுவதைக் காட்டிலும் மேல்நோக்கிப் பறந்து போவதே அதிகம். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். காற்று கூரையின்மேல் வேகமாகச் செல்லும்பொழுது அங்கே அழுத்தம் குறைகிறது. கதவு வழியாக உள்ளே புகுந்த காற்றோ தகட்டைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைப் பெயர்த்து எடுக்கின்றன.

கட்டிடங்களுக்குரிய இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்குக் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் அது நொடிக்கு 39 மீட்டர். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், 50 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பளுவுக்கு ஈடான விசையும், 39 மீட்டர் வேகத்தில் 90 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையும் உண்டாகின்றன. 12 அடிக்கு 9 அடியான கொட்டகைக்குச் சுற்றிலும் ஓரடி இறவாரம் விட்டால் கூரையின் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். கடற்கரை மாவட்டத்தில் அதனைத் தூக்க முயலும் விசை 2,000 கிலோவுக்கும் மேலாக இருக்கக்கூடும். அரை மில்லிமீட்டர் தகட்டால் வேய்ந்த அக்கூரையின் எடையோ 70 கிலோ அளவுதான். எனவே கூரையைத் தரையோடு பிடித்துவைப்பது தகட்டின் எடையன்று; திருகாணியும், சட்டமும், கால்களும், கால்களின் அடியிலுள்ள கான்கிரீட்டுமே.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கடலூர்ப் பக்கம் கரை கடந்த தானே புயலையும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலையும் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெயர்ந்து பறக்கும் தகடு தன் உடையவனுக்கு நஷ்டம் விளைப்பதோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டாரின் உயிருக்கே ஆபத்தாகும்.

வேலையாளைத் தேர்ந்தெடுத்தல்

கூலி குறைவாகக் கேட்பவரை உடனே அமர்த்திவிடலாகாது. அவர் முன்பு அமைத்த கொட்டகைகளில் ஒரு மழைக்காலமாவது கண்ட இரண்டை நேரில் போய்ப் பார்த்தல் வேண்டும். உள்ளே நின்று கதவைச் சாத்தி, கூரையை அண்ணாந்து பார்த்தால் ஓட்டைகள் வழியே வெளிச்சம் தெரியும். தரையில் நீர்க்கறை தெரியும். கால்களின் அடியில் துரு இருந்தால் அதுவும் தெரியும். அவ்வீட்டாரிடம், ஒழுக்கு ஏற்பட்டபொழுது கூப்பிட்டதும் வந்தாரா என்று கேட்டறிவது இன்னும் நல்லது. ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் ஆகிய மூன்றும் சொந்தமாக இல்லாத வேலையாள் கண்ணளவையே நம்பி வேலை செய்பவர் என்று கொள்ளலாம்.

1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் ஏற்படுத்தப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்ட தொழிலாளர் விபத்துக்கு ஆளானால் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ உதவித்தொகை பெற வழியுண்டு. வந்த வேலையாள் பதிவு செய்துள்ளாரா என்று விசாரித்து, இல்லையெனில் பதியும்படி சொல்வது அமர்த்துபவருக்கும் நன்மை, அவருக்கும் நன்மை.

முன்னதாகப் பேசிக்கொள்ள வேண்டியவை

சிறு வேலைதானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவதால்தான் பின்னால் மனக்கசப்பு நேருகிறது. ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுதல் நலம்:

(1) கொட்டகையின் நீளம், அகலம், முன்பக்க உயரம், பின்பக்க உயரம்.

(2) குழாயின் அளவும் கனமும். தகட்டின் கனம் மில்லிமீட்டரில்.

(3) சிமெண்டு, ஜல்லி, மணல், திருகாணி இவற்றை வாங்கித் தருபவர் யார் என்பது.

(4) குழி தோண்டுதல், மண் அகற்றுதல், வர்ணம் பூசுதல் ஆகியவை கூலியில் அடங்குமா என்பது.

(5) மொத்தக் கூலியா, தினக்கூலியா என்பது.

(6) தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும்.

(7) ஒழுக்கு ஏற்பட்டால் எவ்வளவு காலம் வரை கூலியின்றிச் சரிசெய்து தருவார் என்பது.

மொத்தக் கூலியில் வேலை விரைவாக முடியும். ஆனால் அவசரத்தில் குறை நேரும். தினக்கூலியில் வேலை நிதானமாக நடக்கும். ஆனால் நாள் நீளும். இம்மாதிரி அளவு தெரிந்த வேலைக்கு மொத்தக் கூலியே பொருந்தும். அதனை மூன்று பங்காக்கி, கான்கிரீட்டு போட்டு முடிந்ததும் ஒரு பங்கும், கூரை வேய்ந்ததும் ஒரு பங்கும், தண்ணீர் ஊற்றிச் சோதித்தபின் ஒரு பங்கும் கொடுக்கலாம். பணம் முழுவதையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வேலையாளைத் தேடி அலைவது எவ்வளவு பிசகோ, முடிந்த வேலைக்குக் கூலி கொடாமல் இழுத்தடிப்பதும் அவ்வளவு பிசகேயாகும். சொன்ன நாளில் கூலி கொடுத்தவர் வீட்டு வேலைக்கு எவரும் மறுமுறை அழைத்தவுடனே வருவர்.

இடமும் காலமும்

மழைநீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடமே ஏற்றது. மரத்தின் கிளைக்கும் மின்கம்பிக்கும் கீழே கொட்டகை அமைத்தல் கூடாது. வைக்கோற்போருக்கு அருகில் இருப்பதும் ஆபத்து. காவிரிப் படுகையிலும் கீழ்க்கடற்கரையிலும் ஐப்பசி, கார்த்திகை மாதத்துச் சாரல் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து அடிப்பதால், கதவைத் தெற்கு நோக்கி வைத்தல் தகும். சம்பா அறுவடை முடிந்த தை மாதம் முதல் வைகாசி வரையிலான காலத்தில் வேலையை முடித்துக்கொண்டால் கான்கிரீட்டு இறுகவும், குறை கண்டால் மழைக்கு முன் திருத்தவும் அவகாசம் கிடைக்கும்.

அஸ்திவாரம்

நான்கு மூலைகளிலும் முளையடித்து நூல் கட்டியபின், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். 12 அடிக்கு 9 அடியான கொட்டகையில் இரண்டும் சரியாக 15 அடி இருக்கும். இவ்வளவில் பிசகினால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. வேலையாள் தகட்டை இழுத்துப் பிடித்துத் திருகுவார். அந்த இடத்தில்தான் பின்னர் ஒழுகும்.

மூலைக்கொன்றாக நான்கும், நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றுமாக மொத்தம் ஆறு கால்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிச் சதுரமாக இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கணக்கில் கான்கிரீட்டு நிரப்பினால், ஒரு குழிக்கு ஏறக்குறைய 380 கிலோ எடை சேரும். ஆறும் சேர்ந்து 2,200 கிலோவுக்கு மேற்பட்டு, முன் சொன்ன காற்றின் விசைக்கு ஈடு கொடுக்கும். இதற்கு 50 கிலோ மூட்டையில் சுமார் 6 மூட்டை சிமெண்டு செலவாகும். வேலை முடிந்தபின் மூன்று மூட்டை மிஞ்சியிருக்குமானால் மகிழ்வதற்கு இடமில்லை. குழி ஆழம் குறைந்தது, அல்லது கலவை மெலிந்தது என்பதே அதன் பொருள்.

கலவையில் நீர் மிகுந்தால் போடுவது சுலபம். ஆனால் கான்கிரீட்டு பலவீனமாகும். கால்களைச் சுற்றித் தரைக்கு மேல் மூன்று அங்குலம் உயர்த்தி, வெளிப்புறம் சரிவாகப் பூசினால் அடியில் நீர் தங்காது. ஏழு நாட்கள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வருவது வீட்டாரின் கடமை. அதற்குள் கூரை ஏற்ற அவசரப்படுத்துதல் கூடாது.

கூரை வேய்தல்

9 அடி அகலத்துக்கு ஒன்றேமுக்கால் அடியளவு சரிவு கொடுத்தால் நீர் விரைந்து வடியும். காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தகடு போடத் தொடங்கினால், மேல்தகட்டின் விளிம்பு காற்றுக்கு வாய் காட்டாது. நெளிதகடானால் பக்கவாட்டில் ஒன்றரை நெளியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். திருகாணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டுமேயன்றி, நீர் ஓடும் பள்ளத்தில் அடிக்கலாகாது. ரப்பர் வளையம் மெல்ல அமுங்கும் வரை முடுக்கினால் போதும். மிகையாக முடுக்கினால் வளையம் பிதுங்கிக் கிழியும். விளிம்புகளிலும் மூலைகளிலுமே காற்று அதிகமாகப் பிடித்து இழுப்பதால், அங்கே திருகாணிகளை நெருக்கமாக இடுதல் அவசியம்.

துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் எழும் புகையை முகர்வது காய்ச்சலை உண்டாக்கும். பூச்சும் எரிந்து, அவ்விடம் முதலில் துருப்பிடிக்கும். ஆதலின் மரை முடுக்கி இணைப்பதே மேல். குத்தகை நிலத்தில் இருப்பவர்கள் பின்னொரு நாள் கழற்றி எடுத்துச் செல்லவும் அது வசதி. பற்றவைப்பது தவிர்க்க முடியாததானால் வைக்கோலை அகற்றி, அருகில் தண்ணீர்க் குடம் வைத்து, திறந்த வெளியில் செய்து, பின்னர் அவ்விடத்தில் துருத்தடுப்பு வர்ணம் பூச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுத்தாலும் துளையிட்டாலும் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பதால் அதனை அறவே விலக்குதல் நன்று.

வேலையாளின் க்ஷேமம்

நீண்ட இரும்புக் குழாயை நிமிர்த்தும்பொழுது அது மின்கம்பியில் படாதபடி பார்ப்பது முதற்கடமை. காற்று வீசும் நேரத்தில் தகட்டைத் தூக்கி மேலே ஏற்றலாகாது. ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய தகட்டின்மேல் நேரே கால் வைக்காமல் பலகை போட்டு நடக்க வேண்டும். ஒரு நாள் கூலிக்காக வந்தவர் கை கால் இழந்து திரும்புவாராயின், அக்கொட்டகையில் வைக்கும் விதை எவ்வளவு நன்றாக முளைத்தாலும் அவ்வீட்டாருக்கு மனநிம்மதி இராது.

ஒப்புக்கொள்ளுதல்

வேலை முடிந்ததும் கூரைமேல் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து பார்த்தல் வேண்டும். கதவு தரையில் இழுபடாமல் திறந்து மூடுகிறதா, ஒவ்வொரு மரையும் முடுக்கப்பட்டுள்ளதா என்பவற்றை வேலையாள் இருக்கும்பொழுதே சோதித்து, திருப்தியானால் அப்பொழுதே கடைசிப் பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

பின்னர் தரையில் மரச்சட்டம் பரப்பி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி மூட்டைகளை அடுக்கலாம். நெல்லை 14 சதவீத ஈரத்துக்கு மேற்படாமல் உலர்த்தியே உள்ளே வைக்க வேண்டும். பூச்சி மருந்துக்கு ஒரு மூலையில் பூட்டுள்ள தனிப்பெட்டி தேவை. விதையோடும் தீவனத்தோடும் அதனைச் சேர்த்தல் ஆகாது. கூரையின் அடியில் இருபுறமும் வலையடித்த காற்றுவழி விட்டால் தகட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டுவது குறையும். ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிப் பார்த்து, துரு கண்ட இடத்தில் வர்ணம் பூசி வருவாராயின், குடியானவரின் விதையும் கருவியும் அடுத்த பருவம் வரை பத்திரமாக இருக்கும்.