மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

அமெரிக்காவில் பழைய கார்ப் பைத்தியங்கள் தேடி அலைவது ‘மசில் கார்’ என்ற இனத்தை. 1964-இல் வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. அந்த இனத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது என்பார்கள். நடுத்தர உடம்பு, அதற்குள் 6.4 லீற்றர் வி-8 எஞ்சின், 325 குதிரைவலு. நன்றாகப் புதுப்பித்த ஒன்று விலைக்கு வந்தால் வீடு விற்றாவது வாங்க ஆள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் அந்த மரியாதை ஒஸ்ரின் ஏ-40-க்கு. பெயரில் உள்ள 40 அதன் குதிரைவலு. 1947-இல் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ‘டெவன்’, 1952-இல் அதன் இடத்துக்கு வந்த ‘சோமசெற்’ இரண்டிலும் இருப்பது 1,200 சி.சி. எஞ்சின்தான். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட டெவனுக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஜி.ரி.ஓ. ஏழெட்டு வினாடியில் தொட்டுவிடும். ஆனால் 1990-க்குப் பிறகு, அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாறு போகும் தெருவில் இந்த இரண்டையும் விட்டிருந்தால் சந்நிதி கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்திருப்பது ஒஸ்ரின் மட்டுமே. அதற்கான காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது.

1990-இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றறி, சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. பெற்றோல் போத்தலில் அளந்து விற்கும் பண்டமாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் கிடைத்தது. விளக்குக்கும் அதுதான், வாகனத்துக்கும் அதுதான். நவீன ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் போக, 40 வயதை எட்டிய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் தெருவுக்கு வந்தன.

பெற்றோல் எஞ்சின், காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையைச் சிலிண்டருக்குள் அமுக்கிப் பொறியால் பற்றவைக்கிறது. எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதே அமுக்க விகிதம். கராச்சில் ‘கொம்பிரெசன்’ என்பார்கள். அமுக்கம் கூடினால் வலு கூடும். கூடவே கலவை சூடேறி, பொறி தந்த சுவாலை போய்ச் சேருமுன் ஒரு மூலையில் தானாக வெடிக்கும் ஆபத்தும் கூடும். ‘டக் டக்’ என்று எஞ்சின் தட்டுவது அதனால்தான். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். அப்படித் தானாக வெடிக்காமல் எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஒக்ரேன் எண். இன்று இலங்கையில் விற்கும் சாதாரணப் பெற்றோல் 92. மண்ணெண்ணெயோ 20-ஐ ஒட்டியது. ஜி.ரி.ஓ.வின் அமுக்க விகிதம் 10.75. அதற்குள் மண்ணெண்ணெய் போனால் மேடு ஏறுமுன் எஞ்சின் சிதறும்.

ஏ-40 பிறந்த காலம் வேறு. போர்க்காலத்திலும் அதற்குப் பின் 1953 வரையும் பிரித்தானியாவில் எல்லா நிறுவனமும் ஒரே பொதுப் பெற்றோலைத்தான் விற்க வேண்டியிருந்தது. அதன் ஒக்ரேன் 70-ஐ ஒட்டியே இருந்தது. அந்தச் சப்பைப் பெற்றோலுக்காகவே வடிவமைத்த எஞ்சினில் அமுக்க விகிதம் ஏழு சொச்சத்துக்கு மேல் போகவில்லை. பிரித்தானியாவின் அந்தத் தட்டுப்பாடு நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்துக்குக் கைகொடுத்தது. டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தால், தட்டினாலும் தாங்கிக்கொண்டு ஓடும்.

இரண்டாவது சிக்கல் ஆவியாதல். பெற்றோல் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, திரவமாகவே கிடக்கும். அதனால் காலையில் ஒரு சடங்கு நடக்கும். பொனற்றைத் தூக்கி, காற்று வடிகட்டியைக் கழற்றி, சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றர் வாய்க்குள் விடுவார்கள். பிறகு காரின் முன்பக்கத்தில் உள்ள துளையில் கைபிடிக் கம்பியைச் செருகி ஒரு இழுவை. புதுப் பற்றறி கிடைக்காத காலத்தில் அந்தத் துளை பொன் பெற்றது. எஞ்சின் பற்றியதும் மிதியை மெல்ல மிதித்துச் சூடாக்க, மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். புகையின் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுத்தது.

தோட்டக்காரருக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. கிணற்றடியில் நின்ற தண்ணீர் இறைக்கும் மெஷின் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவதுதான். இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரத்திலும், 1949-இல் வந்த ஒரு வகை, மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய எண்ணெயில் இதே முறையில் ஓடியது. அதற்கென்றே அமுக்கத்தைக் குறைத்துத்தான் செய்தார்கள். காரில் அதை நடத்திக் காட்டியது நம்மவரின் தேவை.

சும்மா ஓடவில்லை, விலை கொடுத்துத்தான் ஓடியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஓட ஓடக் குறைய வேண்டிய ஒயில் கூடியிருக்கும்! தண்ணீராய்ப் போன ஒயில் பேரிங்குகளைத் தின்னும். பின்னால் வரும் சைக்கிள்காரருக்குக் கண் எரியும். அந்த வருடங்களைக் கடந்த எஞ்சின் ஒன்று இன்றும் ஓடினால், இடையில் ஒருமுறையாவது சிலிண்டர் கடைந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உடம்பு. தொண்டைமானாறு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரி. இரும்புக்கு இதைவிடக் கொடிய ஊர் வேண்டியதில்லை. இங்கே காருக்குக் கார் வித்தியாசம் உண்டு. ஏ-40 டெவனுக்கும் சோமசெற்றுக்கும் தனிச் சேசிஸ். தகடு உக்கினாலும் அடியில் உள்ள சட்டம் தாங்கும், வெட்டி ஒட்டலாம். ஒஸ்ரின் ஏ-30, மொறிஸ் மைனர் இரண்டிலும் தகடே உடம்பு, தகடே எலும்பு. கதவடிப் பெட்டி உக்கினால் கார் நடுவில் தொய்யும். ஆனாலும் மைனருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. உலகெங்கும் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி என்பதால் பாகம் கிடைக்கும். 1990-களில் இலங்கையிலேயே மைனருக்கான உடற்தகடுகளைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேயர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காருக்கு இலங்கைத் தகடு!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது நாட்டில் இருந்த எல்லாக் காருக்கும் விலை ஏறியது. 2025-இல் தடை நீங்கினாலும் புதுக் கார் சாதாரண ஆளுக்கு எட்டவில்லை. ‘ரெஸ்ரோர் பண்ணியது’ என்று பளபளக்கும் ஒஸ்ரினைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பையில் சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். மட்காட்டிலும் கதவடியிலும் அது ஒட்டாத இடத்தில் பெயின்ருக்குக் கீழே புட்டிதான் இருக்கிறது. பொனற்றைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஜப்பான் எஞ்சின் ஏற்றியவை ஏராளம். ஓட அது நல்லது, ஆனால் அதைப் பழைய ஒஸ்ரினின் விலைக்கு விற்கக் கூடாது. இலக்கத்தகட்டையும் பாருங்கள். சிங்கள ‘ஸ்ரீ’ 1957-இல்தான் வந்தது, தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடிய அதே ‘ஸ்ரீ’. அதற்கு முன் இங்கே பதிவான கார் ஆங்கில எழுத்தோடு இருக்கும். கதவுத் தூணுக்குள்ளிருந்து எழும்பும் கைகாட்டி விளக்கு வேலை செய்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதைக்கூடத் திருத்தியிருந்தால் புதுப்பித்தவர் மனம் வைத்துச் செய்திருக்கிறார்.

டெவனில் பின் சில்லுப் பிரேக் இன்னும் கம்பி இழுவைதான். சோமசெற்றில் நாலு சில்லுக்கும் ஹைட்ரோலிக். கடற்கரையில் குடியிருந்து, குடும்பத்தோடு ஓடவும் போகிறவருக்கு என் சிபாரிசு சோமசெற்.