மேகக் கணிமை: ஒரு வாடகைத் தொழிலின் வரலாறு

மேகக் கணிமை என்பது, கணிக்கும் திறனையும் தரவுகளைச் சேமிக்கும் இடத்தையும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளாமல், இணையத்தின் வழியாகத் தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு வாடகைக்குப் பெற்று, பயன்படுத்திய அளவுக்கு மட்டும் கட்டணம் செலுத்தும் ஏற்பாடாகும். தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் தம் வரைபடங்களில், உள்ளே நடப்பதை விளக்கத் தேவையில்லாத வலைப்பின்னல் பகுதியை மேக வடிவில் வரைந்து வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. மின்னஞ்சல், கைப்பேசிப் படங்களின் சேமிப்பு, இணையவழித் திரைப்படங்கள், இணைய வகுப்புகள் என ஒரு சாதாரணக் குடும்பம் நாள்தோறும் பயன்படுத்தும் சேவைகளில் பெரும்பாலானவை இன்று எங்கோ ஒரு தரவு மையத்தில் அடுக்கப்பட்டிருக்கும் கணினிகளில்தான் இயங்குகின்றன. இத்தொழிலின் தொழில்நுட்பச் சிக்கல்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமையாளருக்கும் இடையே உரிமைகள் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்ற கேள்விதான் இன்னும் தீராமல் நிற்கிறது.

இந்த எண்ணம் இணையத்தைவிட மூத்தது. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பதும் ஒருநாள் பொதுச் சேவையாக அமைக்கப்படலாம் என்று கூறினார். அக்காலத்தில் பெரிய கணினி ஒன்றின் விலை பல இலட்சம் டாலர். நிரலைத் துளையட்டைகளில் பதித்து, கணினியை இயக்குபவரிடம் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை மணிக்கணக்கில், சில நேரங்களில் மறுநாள்வரைகூடக் காத்திருப்பது வழக்கம். இயந்திரம் ஒரு கணமும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக மனிதர்களைக் காக்க வைத்த முறை அது. அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனத்தின் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் செயல்படுத்திக் காட்டிய ‘நேரப்பகிர்வு’ முறை இந்நிலையை மாற்றியது. பல முனையங்களில் அமர்ந்திருப்பவர்களுக்கிடையே கணினி தன் நேரத்தை நொடியின் சிறு துணுக்குகளாகப் பங்கிட்டு மாறி மாறிக் கவனிக்க, ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியதுபோலத் தோன்றியது. ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதும் ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காமல் தடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக இம்முறையில் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. 1966இல் ஏற்பட்ட ஒரு கோளாறால், நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பும் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பும் இடம் மாறிவிட, உள்ளே நுழைந்தவர்கள் முன் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. தரவுக் கசிவு என்று இன்றைய செய்தித்தாள்கள் எழுதும் விபத்துக்கு அறுபது ஆண்டு வயதாகிவிட்டது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் கணினி நேரத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக மணிக் கணக்கில் விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் செழித்தன. மெக்கார்த்தி சொன்னது பலித்துவிட்டதாகத் தோன்றிய வேளையில், சிலிக்கான் சில்லுகளின் விலை சரிந்து, 1981இல் வந்த ஐபிஎம் பிசி போன்ற தனிக்கணினிகள் மேசைக்கு மேசை குடியேற, அத்தொழில் ஏறத்தாழ அழிந்தது. கணிப்பது விலை உயர்ந்ததாக இருந்தவரை மக்கள் பகிர்ந்துகொண்டார்கள். அது மலிந்து, தொலைத்தொடர்பு மட்டும் விலை உயர்ந்ததாக எஞ்சியபோது சொந்தமாக வாங்கிக்கொண்டார்கள். பின்னர் இணையம் பரவித் தொலைத்தொடர்பும் மலிந்து, கணினிகளைப் பராமரிக்கும் ஆட்களின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனபோது மீண்டும் பகிர்வுக்குத் திரும்பினார்கள். இந்த ஊசலாட்டத்தை மனத்தில் கொள்ளாமல் மேகக் கணிமையை வரலாற்றின் இறுதி நிலையாகக் கருதுவது அவசர முடிவாகும்.

திரும்பி வருவதற்கான தொழில்நுட்பச் சாவி ‘மெய்நிகராக்கம்’ எனப்படுகிறது. ஓர் உண்மையான கணினிக்குள், தனித்தனி நினைவகமும் வட்டும் இயங்குதளமும் கொண்டவைபோல நடந்துகொள்ளும் பல பொய்க் கணினிகளை மென்பொருளால் உருவாக்குவதே அது. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் 1960களிலேயே இதைச் செய்து, 1972இல் விற்பனைப் பொருளாகவும் வெளியிட்டது. ஆனால் தனிக்கணினிகளிலும், ‘சர்வர்’ எனப்படும் வழங்கிக் கணினிகளிலும் பரவலாக இருந்த இன்டெல் வகைச் செயலிகளின் கட்டளைத் தொகுப்பு இதற்கு இடம் தரவில்லை. பொய்க் கணினி ஒன்று வரம்பு மீறும்போது, செயலி அதை நிறுத்தி மேற்பார்வை மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். இன்டெல் செயலிகளிலோ சில கட்டளைகள் சத்தமில்லாமல் தவறான விளைவைத் தந்துவிட்டுக் கடந்து சென்றன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றின் தொடர்ச்சியாக 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே இனங்கண்டு மாற்றி எழுதும் உத்தியால் இத்தடையைத் தாண்டியது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘சென்’ என்ற கட்டற்ற மென்பொருள் வந்தது. அதுவரை, வேலைப் பளு உச்சத்தைத் தொடும் சில நாட்களுக்காக வாங்கப்பட்ட வழங்கிகள் ஆண்டின் பெரும்பகுதி சும்மா ஓடி மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றைப் பலவாகப் பிரிக்க முடிந்ததும் கணிக்கும் திறனே விற்பனைச் சரக்காயிற்று.

அச்சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஒரு கணினி நிறுவனமாக இல்லாமல் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசானாக அமைந்தது வியப்புக்குரியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வாங்கிய கணினிகள் மற்ற மாதங்களில் வெறுமனே கிடந்ததால் அவற்றை அமேசான் வாடகைக்கு விட்டது என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் வெர்னர் வோகல்ஸ் இதை மறுத்திருக்கிறார். உள்ளபடியே, அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வாடகைக்காரர்களை எங்கே அனுப்புவது என்று ஒரு கணம் சிந்தித்தாலே கதை குலைந்துவிடும். தன் ஒவ்வொரு புதிய திட்டத்திலும் பொறியாளர்கள் சேமிப்பு, தரவுத்தளம், கணிப்பு ஆகிய அடித்தளங்களையே திரும்பத் திரும்பக் கட்டிக் காலத்தைச் செலவிடுவதை அமேசான் கண்டதும், அதே துன்பம் வெளியிலும் இருக்கும் என்று கணித்ததுமே உண்மையான காரணங்கள். 2006 மார்ச் 14 அன்று ‘எஸ்3’ என்ற சேமிப்புச் சேவை, ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் என்ற கட்டணத்தில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இருந்த ஒரு சிறு குழு உருவாக்கிய ‘இசி2’ என்ற சேவை, ‘சென்’ மென்பொருளின் மேல் இயங்கும் மெய்நிகர்க் கணினியை மணிக்கு 10 சென்ட்டுக்கு அளித்தது. ஒப்பந்தமோ முன்பணமோ விற்பனையாளருடன் பேச்சோ தேவைப்படவில்லை. கடன் அட்டை வைத்திருந்த ஒரு மாணவர்கூடக் காலையில் பல கணினிகளை எடுத்து, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்ற நிலை வந்தது. கூகுள் 2008இல் தன் சேவையைத் தொடங்க, மைக்ரோசாப்ட் அதே ஆண்டு ‘அஷூர்’ திட்டத்தை அறிவித்து 2010இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வாடகைக்குக் கிடைப்பவை மூன்று அடுக்குகளாகப் பேசப்படுகின்றன. வெறும் கணினியையும் சேமிப்பையும் பெற்று மற்ற அனைத்தையும் தாமே நிறுவிக்கொள்வது ஒன்று; நிரலை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை இயக்கும் சூழலை வழங்குநரின் பொறுப்பில் விடுவது இன்னொன்று; முழுமையாக உருவாக்கப்பட்ட மென்பொருளை உலாவியில் திறந்து பயன்படுத்துவது மூன்றாவது. மேலே செல்லச் செல்லப் பயனருக்கு வேலை குறையும், வழங்குநரைச் சார்ந்திருப்பது கூடும். மூன்றாம் அடுக்கில் உலகச் சந்தையில் இடம்பிடித்த நிறுவனங்களுள் ஒன்று சென்னையைச் சேர்ந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சோகோ, தன் அலுவலக மென்பொருள்களைப் பெருநிறுவனங்களின் மேகத்தில் வைக்காமல், தனக்கே உரிய தரவு மையங்களில் நடத்தி வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய உலகச் சந்தையில் அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களின் பங்கு மட்டும் அறுபது விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்தக் குவிப்பின் விளைவு விபத்துகளில் தெரிகிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் பொறியாளர் ஒருவர், ஒரு சில வழங்கிகளை நிறுத்தும் கட்டளையில் தவறான எண்ணிக்கையை உள்ளிட, எஸ்3 சேவையின் முக்கியப் பகுதிகள் நின்றுபோய், அதை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் பல மணி நேரம் முடங்கின. சேவை நன்றாக இருக்கிறதா என்று காட்டும் அமேசானின் சொந்த அறிவிப்புப் பலகையும் எஸ்3ஐச் சார்ந்தே இருந்ததால், கோளாறை அதில் சரியாகக் காட்டவும் முடியாமல் போயிற்று. இதைக் கண்டு, எல்லாவற்றையும் சொந்தக் கட்டடத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று முடிவு செய்வதும் சரியாகாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் இருந்த அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றியபோது நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் அடங்கிய 858 டெராபைட் சேமிப்பு, வேறிடத்தில் காப்புப்படி இல்லாததால், மீட்க முடியாதபடி எரிந்துபோனது. சொந்தமோ வாடகையோ, மற்றோர் ஊரில் ஒரு படி இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய முதற்கேள்வி.

பெயரில் மேகம் இருந்தாலும் இத்தொழில் நிலம், கடல், மின்சாரம் ஆகிய மூன்றையும் நம்பியது. சென்னைக் கடற்கரையில் கரையேறும் கடலடிக் கம்பிவடங்களும் அவை சிங்கப்பூருடன் ஏற்படுத்தித் தரும் நேரடித் தொடர்பும், அம்பத்தூர், சிறுசேரி வட்டாரங்களில் தரவு மையங்கள் எழுந்ததற்கு முக்கியக் காரணமாகும். மைக்ரோசாப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று மேக மையங்களுள் ஒன்று சென்னையில் அமைந்தது. தமிழ்நாடு அரசு 2021இல் தனித் தரவு மையக் கொள்கையையே வெளியிட்டது.

எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது மின்சாரம். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களைப் பயிற்றுவிக்கவும் இயக்கவும், ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒருங்கே போடும் சில்லுகள் பெருந்தொகையாகத் தேவைப்படுகின்றன. அவற்றை வாங்கிக் கட்டுப்படியாக்கும் வசதி மிகச் சில நிறுவனங்களுக்கே இருப்பதால், நேரப்பகிர்வுக் காலத்தின் நிலைமை, அதாவது கணிப்பது விலை உயர்ந்ததாக இருக்கும் நிலைமை, திரும்பியிருக்கிறது. பன்னாட்டு ஆற்றல் முகமையின் கணக்குப்படி 2024இல் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரத்தை, அதாவது உலக மின் நுகர்வில் சுமார் 1.5 விழுக்காட்டைப் பயன்படுத்தின. 2030இல் அது 945 டெராவாட் மணியை எட்டக்கூடும் என்று அம்முகமை மதிப்பிடுகிறது. உலக சராசரி சிறிதாகத் தெரிந்தாலும், தரவு மையங்கள் குவியும் இடங்களில் பளு கடுமையாக விழுகிறது: அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின் நுகர்வில் 21 விழுக்காடு இவற்றுக்கே சென்றது. அமெரிக்காவில் 2019இல் மூடப்பட்ட திரீ மைல் தீவின் முதல் அணு உலையை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்குத் தனக்கு விற்கும்படி மைக்ரோசாப்ட் 2024இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது.

வாடகைதாரரின் உரிமை இதைவிடச் சிக்கலானது. மேகத்துக்குள் தரவை ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வெளியே எடுப்பதற்கு உண்டு. ஒரு வழங்குநரின் தனிப்பட்ட தரவுத்தளத்தையும் கருவிகளையும் சார்ந்து மென்பொருளை எழுதிவிட்டால், வேறிடம் செல்வதற்கு அதைப் பெருமளவு திருத்தி எழுத வேண்டியிருக்கும். வேலைப் பளு ஆண்டு முழுவதும் சீராக இருக்கும் நிறுவனங்களுக்கு வாடகை கட்டுப்படியாகாது என்று கூறி, அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் மேகத்தைவிட்டு வெளியேறும் முடிவை அறிவித்துச் சொந்த வழங்கிகளுக்கு மாறியது. நாடுகளின் நிலையிலும் இதே சார்பு வெளிப்படுகிறது. அமெரிக்க நிறுவனங்களின் வசமுள்ள தரவு எந்த நாட்டில் சேமிக்கப்பட்டிருந்தாலும் அமெரிக்க அதிகாரிகள் சட்டப்படி அதைக் கேட்டுப் பெற 2018இல் இயற்றப்பட்ட சட்டம் வழி செய்கிறது. அதே ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. ஆனால் தரவு இந்திய மண்ணில் இருப்பதால் மட்டும் சார்பு நீங்கிவிடாது: 2025 ஜூலையில், ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெப்ட் பங்கு வைத்திருக்கும் இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததைத் தொடர்ந்து, மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்த, நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே அவை மீண்டும் கிடைத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்து, வாடிக்கையாளர் ஒரு மேகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குத் தடையாக இருப்பவற்றை நீக்கும்படி வழங்குநர்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2027 ஜனவரி 12க்குப் பிறகு மாறுவதற்கென எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2024இல், மூன்று பெரிய நிறுவனங்களும் முற்றிலும் வெளியேறுவோரிடம் தரவை எடுத்துச் செல்லும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யத் தொடங்கியதிலிருந்து, சட்டத்தின் நிழலுக்கே வலிமை உண்டு என்பது தெரிகிறது. இந்தியாவிலோ, 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்த, தம் தரவைப் பயன்படுத்தத்தக்க வடிவில் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமை, 2023இல் நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை. தரவு மையங்களுக்கு நிலமும் மின்சாரமும் சலுகைகளும் வழங்கும் அரசுகள், அவற்றில் தரவை வைத்திருப்பவர்களுக்கு இந்த உரிமையையும் சேர்த்து வழங்க வேண்டும்.