ஒரு ‘&’ குறி போதும், பணம் நின்றுவிடும்

டீக்கடையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 15 ரூபாய் அனுப்புகிறோம். மறுநொடியே கடை ஸ்பீக்கர் தொகையைச் சொல்கிறது. அதற்குள் வங்கிகளுக்கும் யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் இடையே பல செய்திகள் போய்வந்துவிடுகின்றன. 2016இல் வந்த யுபிஐயில் இந்தச் செய்திகளின் வடிவம், 1998இல் தரநிலையான எக்ஸ்எம்எல்.

எக்ஸ்எம்எல்லில் ஒரு விவரத்தை இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதலாம்: <தொகை>15.00</தொகை>. பார்க்க எளிதாக இருப்பதால், எழுத்துத் துண்டுகளை ஒட்டியே செய்தியைத் தயாரித்துவிடலாம் என்று தோன்றும். ‘அப்பா & மகன் மளிகை’ என்ற கடைப்பெயர் வரும்வரை எல்லாம் ஓடும். எக்ஸ்எம்எல்லில் ‘&’ குறிக்குத் தனி வேலை உண்டு. அப்படியே நுழைந்தால் செய்தியே செல்லாது. நல்ல லைப்ரரி அதை முறைப்படி மாற்றி எழுதிவிடும். கையால் ஒட்டாதீர்கள் என்பது முதல் பாடம்.

எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் கருவியில் முக்கியமாக இரண்டு வகை. ‘டாம்’ முழுச் செய்தியையும் நினைவகத்தில் ஏற்றும். ஒற்றைப் பரிவர்த்தனைக்கு அது போதும். ‘சாக்ஸ்’ வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட கணக்குச் சரிபார்ப்புக் கோப்புக்கு இதுவே ஏற்றது.

வேகத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம். ‘நூறு கோடிச் சிரிப்பு’ என்றொரு தாக்குதல் உண்டு. ஒரு சொல்லைப் பத்து முறை சொல்லும் சுருக்கம், அந்தச் சுருக்கத்தைப் பத்து முறை சொல்லும் இன்னொரு சுருக்கம் என ஒன்பது அடுக்கு. ஒரு கிலோபைட்கூட இல்லாத கோப்பு, விரிந்தால் சுமார் 3 ஜிகாபைட்டை விழுங்கி சர்வரைச் சாய்த்துவிடும். வெளிக்கோப்பை அழைக்கும் சுருக்கமோ சர்வரின் ரகசியத்தையே கசியவிடும். இந்தச் சுருக்கங்களை வரையறுக்கும் டிடிடி வசதியை அணைத்துவைத்தால் இரண்டு வழியும் அடைபடும்.

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். கையெழுத்தான பிறகு, படிக்க வசதியாக வரிகளை உள்தள்ளி அழகுபடுத்தினால் கையொப்பம் பொருந்தாது. தொகை மாறவில்லை, குறிகளுக்கு நடுவே வெற்றிடம் கூடியதே காரணம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் சோதனைச் சூழலில் மூன்று செய்திகளை அனுப்பிப் பாருங்கள்: முறைப்படி எழுதிய ‘&’ உள்ள கடைப்பெயர், நூறு கோடிச் சிரிப்பு, கையொப்பத்துக்குப் பின் உள்தள்ளிய செய்தி. முதலாவதை ஏற்று, மற்ற இரண்டையும் மறுக்கும் கருவியிடம் மட்டுமே மக்கள் பணத்தை ஒப்படைக்கலாம்.