ஆஹென் தரும் பாடம்: அவசர மருத்துவ ஆய்வின் முதற்படிக்கு யார் பணம் கொடுப்பது?

ஜெர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள ஆஹென் நகரில், ஆம்புலன்ஸில் உள்ள நோயாளியை மருத்துவர் நேரில் வராமலேயே கவனிக்கும் முறை 2014-ஆம் ஆண்டு முதல் வழக்கமான சேவையாக இயங்கி வருகிறது. பயன் தருமா என்று உறுதியாகத் தெரியாத காலத்திலேயே அரசு செலவிட்ட பணமே இதற்கு அடித்தளம் எனலாம்.

ஜெர்மனியில் ஆபத்தான நிலையிலுள்ள நோயாளியிடம் ஆம்புலன்ஸ் பணியாளர்களோடு, அவசர மருத்துவர் ஒருவரும் தனி வாகனத்தில் விரைவது வழக்கம். ஆனால் ஓரிடத்தில் சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கும் மருத்துவரால் அதே நேரத்தில் மற்றோர் இடத்துக்குச் செல்ல இயலாது.

இதற்குத் தீர்வு காண 2007-இல் ஆஹென் பல்கலைக்கழக மருத்துவமனையினர் பங்கேற்ற 'மெட்-ஆன்-எய்க்ஸ்' ஆய்வுத் திட்டம் தொடங்கியது. நிதி அளித்தது ஜெர்மன் மத்திய பொருளாதார அமைச்சகம். இதயத் துடிப்பின் வரைபடம், இரத்த அழுத்தம், காணொளி ஆகியவை ஆம்புலன்ஸிலிருந்து உடனுக்குடன் மருத்துவருக்குச் செல்லும். அவர் என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்பதைப் பணியாளர்களுக்குக் கூறுவார். 2010 முதல் 2013 வரை நடந்த அடுத்த கட்டமான 'டெம்ராஸ்' திட்டத்துக்கு மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் உதவின. வழக்கமான சேவையான பின்னரே மருத்துவக் காப்பீட்டு அமைப்புகள் செலவை ஏற்றன.

அரசு முன்வராவிட்டால் இத்தகைய ஆய்வுகள் தொடங்குவதே கடினம். மருந்து நிறுவனங்கள் விற்கக்கூடிய பொருளுக்கே முதலீடு செய்யும். பணியாளர் குழு எவ்வாறு இயங்க வேண்டும் என்ற கேள்விக்குக் காப்புரிமை கிடையாது. காப்பீட்டு அமைப்புகளோ நிரூபிக்கப்பட்ட சிகிச்சைக்கே பணம் தரும். மேலும், நினைவிழந்த நோயாளியிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற முடியாது என்பதால், அவசர மருத்துவ ஆய்வில் நெறிமுறை நடைமுறைகளுக்கே அதிகக் காலம் பிடிக்கும்.

உறுதியான சான்றும் தாமதமாகவே கிடைக்கிறது. உயிராபத்து உடனடியாக இல்லாத 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆஹெனில் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2023-இல்தான் வெளியானது. தொலைவிலிருந்து வழிகாட்டுவது, நேரில் வரும் மருத்துவரின் சிகிச்சையைவிடப் பாதுகாப்பில் குறைந்ததல்ல என்று அது கண்டறிந்தது. முதல் நிதிக்கும் இந்த முடிவுக்கும் இடைவெளி 16 ஆண்டுகள்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இலும், இலங்கையில் 1990 சேவை இந்திய நிதியுதவியுடன் 2016-இலும் தொடங்கின. ஊர்திகளையும் பணியாளர்களையும் திரட்டுவது முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர்தியினுள் அளிக்கப்படும் சிகிச்சையில் எது உயிரைக் காக்கிறது என்பதை, அந்தந்த நாட்டின் சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் சோதித்தே அறிய வேண்டும். அதற்கான முதல் தொகையைப் பலன் உறுதியாவதற்கு முன்பே ஒதுக்க அரசுகள் துணியுமா என்பதே கேள்வி.