அங்கத்தினர் கல்விக் கூட்டம் பயன்பட வேண்டுமானால்

கூட்டுறவுச் சங்கத்தின் பலம் அதன் கட்டடத்திலோ கையிருப்பிலோ இல்லை. தம் கணக்கைத் தாமே படித்தறியும் அங்கத்தினரிடத்தில் இருக்கிறது. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தனர். பின்னர் அவர்கள் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். 1995-இல் மான்செஸ்டரில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி ஏற்ற ஏழு கொள்கைகளிலும் கல்வி இடம் பெற்றுள்ளது. ஆயினும் நம் ஊர்களில் நடைபெறும் கல்விக் கூட்டங்கள் யாவும் கல்வி புகட்டுகின்றனவா?

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் செய்த பிழையை ஒளிக்காமல் கூறுகிறேன். சட்டப் பிரிவுகளையும் துணை விதிகளையும் ஒரு மணி நேரம் வாசித்தேன். எவரும் எழுந்து போகவில்லை. ஆகவே யாவருக்கும் விளங்கிற்று என்று கருதினேன். முடிவில் முதியவர் ஒருவர், "ஐயா, எங்கள் கூலியில் சேமிப்புக்கென்று பிடிக்கிறார்களே, அது என் பேரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்று கேட்டார். என் குறிப்பில் அதற்கு விடை இல்லை. சபையில் எவருக்கும் தம் கணக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் கூடினோம். பாஸ் புத்தகத்துடன் வருமாறு முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தேன். ஒருவருடைய கணக்கை அவர் இசைவுடன் கரும்பலகையில் எழுதினோம்: கூலி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, அரசின் பங்கு இவ்வளவு. பிறகு அவரவர் புத்தகத்தை அவரவரே கூட்டிப் பார்த்தனர். எழுத்தறியாதவருக்கு அருகில் இருந்தவர் படித்துச் சொன்னார். அப்போது ஓர் அம்மாள், தம் புத்தகத்தில் இரண்டு மாதப் பிடித்தம் வரவு வைக்கப்படாததைக் கண்டார். பேரேட்டிலும் அது இல்லை. காரியதரிசி தவற்றை ஒப்புக்கொண்டு மறுநாளே நேர்செய்தார். என் சொற்பொழிவு செய்யாததை அந்த அம்மாளின் கேள்வி செய்தது.

இதனின்று நான் கற்றவை சில. ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள் போதும். பாவு ஆற்றும் காலை வேளையும், நடவு, அறுவடை நாட்களும் கூட்டத்துக்கு ஆகா. தெருவில் பாவு விரிக்க இயலாத மழை நாட்களில் நெசவாளர் ஓய்ந்திருப்பர், அப்போது கூட்டலாம். விவசாயிகளிடம் பேசுவோர் பயிர்க்கடன் ரசீதிலிருந்து தொடங்குக. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். ஒவ்வொருவரும் தம் தவணைத் தேதியைத் தாமே வாசித்துச் சொல்லும்படி செய்தால் அதை மறவார். கூட்ட நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கு விடுதல் வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, மரியாதைக்காக எல்லோரும் தலையசைப்பர். "இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டால் உண்மை விளங்கும்.

பாவு எவ்வளவு நீளமாயினும் ஊடையின்றித் துணியாகாது. பேசுவோர் சொல் பாவு. கேட்போர் கேள்வி ஊடை. அங்கத்தினர் பெருமக்களே! அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையுடன் வராதீர்கள். பாஸ் புத்தகத்துடன் வாருங்கள், கூச்சமின்றிக் கேளுங்கள். சங்கம் உங்களுடையது, அதன் கணக்கும் உங்களுடையதே.